வாக்கில்லாதவர்களின் உறுப்பினர்: கோ. நடேசய்யர்

பண்டமாரானை ஒட்டியிருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கு போர்ட் சுவெட்டன்ஹம் என்று பெயர் இருந்த காலத்தில், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தமிழர்கள் பலர் அங்கேதான் கரையிறங்கினார்கள். அதே தஞ்சை, திருச்சி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இன்னொரு கூட்டம் மண்டபம் முகாம் வழியாக இலங்கையின் மலைகளுக்குப் போனது. இங்கே ரப்பர், அங்கே தேயிலை. மற்றபடி கங்காணி, கிராணி, துரை, லயம், பெரட்டு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அந்த மலைத் தமிழர்களுக்காக நாட்டின் சட்டசபையில் முதன்முதலில் உரக்கப் பேசியவர் கோ. நடேசய்யர். அவர் பேசிய மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்போது வாக்குரிமையே கிடையாது.

கோதண்டராம நடேசய்யர் 1887இல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் அவருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தஞ்சாவூரில் வணிகப் பாடம் கற்பித்தார். வியாபாரிகளுக்குச் சங்கம் அமைப்பதிலும் அவர்களுக்கென்று பத்திரிகை நடத்துவதிலும் ஈடுபட்டார். கணக்கு வைப்பு, காப்புறுதி போன்ற விஷயங்களைத் தமிழில் நூலாக எழுதினார். ஆங்கிலம் படித்தவர்கள் தமிழில் கணக்குப் புத்தகம் எழுத நினைக்காத காலம் அது. வியாபாரச் சங்க வேலையாகத்தான் அவர் முதலில் கொழும்புக்குப் போனார்.

கொழும்பில் இருந்த இந்திய வணிகர்களின் நிலை அவருக்குத் தெரியும். மலைமேல் இருந்த கூலிகளின் நிலையைத்தான் யாரும் சரியாகச் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. தோட்டம் துரைமார்களின் தனிச்சொத்து. வெளியாள் உள்ளே கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு வரும். தொழிலாளியின் சொந்தக்காரரே துரையின் அனுமதி இல்லாமல் லயத்தில் தங்க முடியாத நிலை. ஆனால் ஒரே ஒரு வகை வெளியாள் மட்டும் தடையில்லாமல் போய்வந்தான். மூட்டை தூக்கி வரும் புடவை வியாபாரி. நடேசய்யர் அந்த வேஷத்தில் உள்ளே போனார். லயம் லயமாக நடந்து, துணி விற்கும் சாக்கில் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை அறிக்கையாக எழுதி வெளியிட்டார்.

அந்த மூட்டையோடு போன மனிதர் திரும்பி வியாபாரத்துக்கு வரவில்லை. 1920 வாக்கில் இலங்கையிலேயே தங்கிவிட்டார்.

அன்று மலையகத்தில் ‘துண்டு’ என்று ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளி பட்ட கடனைக் குறித்துத் தரும் சீட்டு அது. வேறு தோட்டம் அவனை எடுக்க வேண்டுமானால் அந்தத் துண்டிலுள்ள கடனை ஏற்க வேண்டும். ஆக, ஆளோடு சேர்த்துக் கடனும் கைமாறும். தமிழ்நாட்டில் கங்காணி கொடுத்த வழிச்செலவில் தொடங்கிய கடன், பேரப்பிள்ளை காலம் வரை தீராமல் ஓடும். 1921இல் வந்த சட்டம் துண்டை ஒழித்தது. வேலையை விட்டுப் போன குற்றத்துக்குச் சிறை என்ற விதியும் அதோடு போனது. காகிதத்தில் ஒழிந்தாலும் கடன் பழக்கம் உடனே ஒழியவில்லை. இதையெல்லாம் எழுத நடேசய்யருக்குப் பத்திரிகை கிடைத்தது. முதலில் ‘தேசநேசன்’, பிறகு 1924இல் தொடங்கிய ‘தேசபக்தன்’.

பீஜியிலிருந்து வெளியேற்றப்பட்டு இலங்கை வந்திருந்த வழக்கறிஞர் மணிலாலுடன் அவர் பழகினார். மொரிசியசிலும் பீஜியிலும் கூலிகளுக்காக வாதாடியவர் மணிலால். அவரை இலங்கை அரசும் வெளியேற்றியது. நடேசய்யர் மீதும் போலீசின் கண் இருந்தது. தோட்ட முதலாளிகள் அவரைக் கலகக்காரர் என்றே கணக்கில் வைத்திருந்தார்கள்.

இனி சட்டசபைக்கு வருவோம். 1924இல் இலங்கையில் சீர்திருத்தப்பட்ட சட்ட நிரூபண சபை அமைந்தது. மொத்தம் 49 இடங்கள். அதில் 12 பேர் அரசு அதிகாரிகள். மற்ற 37 பேரில் 23 பேர் ஊர்த் தொகுதிகளுக்கும், 11 பேர் இனத்தொகுதிகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மிச்சம் 3 பேர் நியமனம். அந்த 11இல் 2 இடங்கள் இந்தியர்களுக்கு. முழுத் தீவும் சேர்ந்து ஒரே தொகுதி.

இரண்டு இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியாது. வாக்களிக்கத் தகுதி என்ன என்று பார்த்தால் விஷயம் புரியும். ஆணாக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 600 ரூபாய் அல்லது அதற்கு ஈடான சொத்து வேண்டும். சில ஆண்டுகள் கழித்துக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதுகூட, உயர்ந்த மலைப்பகுதியில் ஓர் ஆணின் நாள் கூலி 54 காசு. நடுப்பகுதியில் 52, தாழ்நிலத்தில் 50. மாதம் 25 நாள் தவறாமல் பேர் போட்டால்கூட ஆண்டுக்கு 162 ரூபாய். அறுநூறு எங்கே, இது எங்கே! பெண்களுக்கோ வாக்கே இல்லை. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆக, இந்தியர் தொகுதி என்று பெயர் இருந்தாலும் வாக்குச்சீட்டு கொழும்பு வணிகர்கள், எழுத்தர்கள், பெரிய கங்காணிகள் கையில்தான் இருந்தது.

முதல் தேர்தலில் நடேசய்யர் நின்று தோற்றார். ஐ. எக்ஸ். பெரேராவும் முகம்மது சுல்தானும் வென்றார்கள். சுல்தான் காலமானதால் 1925இல் இடைத்தேர்தல் வந்தது. அதில் நடேசய்யர் வென்று உள்ளே போனார். வாக்களித்தவர்கள் வணிகர்கள். அவர் பேசியதோ கூலிகளுக்காக. இதை அந்த வணிகர்களில் சிலர் விரும்பவில்லை என்பதும் உண்டு.

உலகத்தில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடும் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்ற பகுதிகளுக்கு உறுப்பினர் உண்டு. மக்கள் வாக்களித்து அவரை அனுப்புகிறார்கள். அவர் அவையில் பேசலாம், குழுக்களில் பங்கெடுக்கலாம். சட்டம் நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் மட்டும் அவருக்குக் கை தூக்கும் உரிமை இல்லை. அங்கே மக்களுக்கு வாக்கு இருக்கிறது, உறுப்பினருக்கு இல்லை. இலங்கையில் உறுப்பினருக்கு வாக்கு இருந்தது, மக்களுக்கு இல்லை. 49 பேர் அவையில் அந்த ஒரு வாக்கால் எதையும் நிறைவேற்ற முடியாது என்பதால், நடைமுறையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

நம் பக்கத்தில் அது கூட இல்லை. ஐக்கிய மலாய் மாநிலங்களின் கூட்டரசு மன்றத்தில் முதல் இந்தியராக வழக்கறிஞர் எஸ். வீராசாமி 1928இல்தான் அமர்ந்தார். தேர்தல் கிடையாது, அரசு நியமனம். மன்றத்தில் பெரும்பான்மை எப்போதும் அதிகாரிகள் பக்கம். நியமன உறுப்பினர் எழுந்து பேசலாம். பேசியது பதிவாகும். அதோடு சரி.

அந்தப் ‘பதிவாகும்’ என்பதைத்தான் நடேசய்யர் பிடித்துக்கொண்டார். சபையில் உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். பதில் ஹன்சார்டில் அச்சாகும். எந்தத் தோட்டத்தில் என்ன கூலி, எங்கே வைத்தியம் இல்லை, எங்கே ஆளை அடித்தார்கள் என்று லயத்திலிருந்து வந்த செய்தி, சபையில் கேள்வியாக மாறியது. அரசின் பதில் மறுபடி தமிழில் பத்திரிகையில் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் லயத்தில் உரக்கப் படித்தால் போதும், இருபது பேர் காதுக்குப் போய்விடும். வாக்கெடுப்பில் தோற்றாலும் துரைமார்கள் அவரை வெறுத்ததற்குக் காரணம் இந்தச் சுழற்சிதான். தோட்ட ஆட்சியைத் தாக்கி ஆங்கிலத்திலும் எழுதினார். படிக்க வேண்டியவர்கள் ஆங்கிலத்தில் படிப்பவர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கொழும்பில் அவருக்கு ஒரு துணை இருந்தது, பிறகு அதுவே பகையானது. 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய ஏ. ஈ. குணசிங்கவுடன் அவர் சேர்ந்து உழைத்தார். சங்கத்தின் துணைத் தலைவராகவும் இருந்தார். சிங்களத் தொழிலாளியும் தமிழ், மலையாளத் தொழிலாளியும் ஒரே வேலைநிறுத்தத்தில் நின்ற காலம் அது. ஆனால் 1920களின் இறுதியில் குணசிங்கவின் பேச்சு இந்தியத் தொழிலாளிக்கு எதிராகத் திரும்பியது. நடேசய்யர் விலகினார். அதற்குப் பிறகு அவர் தன் பார்வையை மலைமேல் வைத்தார். 1931 ஜனவரியில் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. தோட்டத் தொழிலாளருக்கென்று அமைந்த முதல் தொழிற்சங்கம் அது.

சங்கம் ஆரம்பித்தால் மட்டும் போதுமா? கூட்டம் எங்கே போடுவது? தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். தோட்ட எல்லைக்கு வெளியே, கடைவீதிப் பக்கம்தான் போட வேண்டும். அங்கே நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் பாடுவார். தானே பாட்டுக் கட்டி, மக்களுக்குத் தெரிந்த மெட்டில் பாடி, கூட்டம் சேர்ந்த பிறகு பேச்சு தொடங்கும். தொழிலாளர் துன்பத்தையும் இந்தியர்களின் நிலைமையையும் சொல்லும் அவருடைய பாடல்கள் 1940இல் சிறு நூலாக வந்தன. பத்திரிகை வேலையிலும் அவர் பங்கு உண்டு. மேடையில் ஒரு பெண் நின்று கூலி, கங்காணி, துரை என்று பாடுவதை மலையகம் அதற்கு முன் பார்த்ததில்லை. கணவரைப் பற்றி எழுதுபவர்கள் இந்த அம்மாளை ஒரு வரியில் தாண்டிவிடுவது சரியல்ல.

நடேசய்யரும் எழுதிக்கொண்டே இருந்தார். ‘நீ மயங்குவதேன்?’, ‘வெற்றியுனதே’ என்று ஊக்கம் சொல்லும் நூல்கள், ‘தொழிலாளர் அந்தரப் பிழைப்பு நாடகம்’ என்று ஒரு நாடகம். அந்தரத்தில் தொங்கும் பிழைப்பு என்பதைவிடப் பொருத்தமான தலைப்பை அந்த வாழ்க்கைக்கு வைக்க முடியாது.

சம்மேளனம் பிறந்த நேரம் சரியில்லை. உலக மந்தம் தொடங்கிவிட்டது. தேயிலை விலையும் ரப்பர் விலையும் விழுந்தன. மலாயாவில் 50 காசுக் கூலி 40 ஆனது, பெண்ணுக்கு 40 காசு 32 ஆனது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இலங்கையிலும் கூலி வெட்டப்பட்டது. வேலை போய்விடுமோ என்று பயந்து கிடக்கும் தொழிலாளியிடம் சங்கச் சந்தா கேட்பது எளிதல்ல. சம்மேளனம் மெலிந்தது.

ஆனால் அதே 1931இல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. டொனமூர் அரசமைப்பு 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. ஆசியாவிலேயே முன்னோடியான ஏற்பாடு. இந்தியத் தொழிலாளிக்கு மட்டும் அதில் ஒரு வேலி போட்டார்கள். இலங்கையே தன் நிரந்தர வாசஸ்தலம் என்று அவர் காட்ட வேண்டும். அல்லது ஐந்து ஆண்டு இருந்ததற்கு ஆதாரம் தந்து, இந்தியர் என்ற முறையில் கிடைக்கும் சிறப்புப் பாதுகாப்புகளைத் துறப்பதாகச் சொல்லி நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். கைநாட்டு வைக்கும் மனிதர் எந்தக் கச்சேரியில் போய் எதைக் காட்டுவார்? பிறப்புப் பத்திரம் இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு பதிவிலாகாவுக்கு அலைந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியும் 1931இல் சுமார் 1 லட்சம் இந்தியர்கள் வாக்காளர் ஆனார்கள். 1936இல் அது ஏறத்தாழ 1 லட்சத்து 45 ஆயிரம். 1939இல் 2 லட்சத்தைத் தாண்டியது. இந்த எண்ணிக்கை ஏற ஏற, சிங்களத் தலைவர்களின் கவலையும் ஏறியது.

புதிய அரசாங்க சபையின் முதல் தேர்தலில் ஹட்டனில் பெரி. சுந்தரம் வந்தார். தொழில் அமைச்சராகவும் ஆனார். 1936இல் அதே ஹட்டன் தொகுதி நடேசய்யரை அனுப்பியது. இந்த வெற்றிக்கும் 1925 வெற்றிக்கும் நிறைய வித்தியாசம். முன்பு அவரை அனுப்பியவர்கள் கடை வைத்திருந்தவர்கள். இப்போது அனுப்பியவர்களில் லயத்தில் இருந்தவர்கள் இருந்தார்கள். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாக்குச் சாவடிக்குப் போன பெண்கள் இருந்தார்கள்.

அவையில் அவர் நிலை அதனால் வலுத்துவிடவில்லை. 50 தொகுதிகளில் இந்திய வாக்கால் வெல்லக்கூடியவை ஹட்டன், தலவாக்கலை என்று விரல்விட்டு எண்ணுமளவே. 1937இல் கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அதில் வாக்கு மறுக்கப்பட்டது. இந்திய அரசு ஆட்சேபித்தும் பயனில்லை. 1939இல் அரசாங்கத் துறைகளில் நாள்கூலியாக இருந்த இந்தியர்களை வேலையிலிருந்து நிறுத்தும் முடிவு வந்தது. இந்தியா பதிலுக்குப் புதிய கூலிகள் இலங்கை செல்வதைத் தடுத்தது. மலாயாவுக்கு ஆள் அனுப்புவது அதற்கு முந்தைய ஆண்டே நின்றுவிட்டிருந்தது. அவரைப் போன்றவர்கள் சபையில் பேசினார்கள். பேச்சு பதிவானது. வாக்கெடுப்பு வேறு பக்கம் போனது.

ஜவாஹர்லால் நேரு 1939 ஜூலையில் கொழும்பு வந்தார். பல்வேறு இந்தியர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. மறு ஆண்டு அதன் தொழிற்சங்கமும் தொடங்கியது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் சூட்டில் உயிரிழந்தார். மலையகம் கொந்தளித்தது. அந்த அலையில் முன்னால் நின்றவர்கள் புதியவர்கள். இடதுசாரிகள் ஒரு பக்கம், காங்கிரஸ்காரர்கள் ஒரு பக்கம்.

ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதனின் தலைமையில் 1941 வேலைநிறுத்தங்கள் நடந்தன. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்பதும் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பது இன்னொன்று. நடேசய்யர் புடவை மூட்டையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்து இருபதாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

நடேசய்யர் அந்தப் புதிய அமைப்புகளோடு ஒன்றிப்போகவில்லை. இது அவருடைய பலவீனம். தனியாக ஒரு பத்திரிகை, தனியாக ஒரு சங்கம், தனியாக ஒரு குரல் என்று பழகியவர். ஆரம்பத்தில் கூட யாரும் இல்லாததால் தனியாக நின்றார். ஆட்கள் வந்த பிறகும் தனியாகவே நின்றார். உள்ளூர்க் கிளை, மாவட்டக் குழு என்று அடியிலிருந்து கட்டும் பொறுமை காங்கிரஸ்காரர்களிடம் இருந்த அளவுக்கு அவரிடம் இல்லை. இளைஞர்களுக்கு அவர் பழைய மனிதராகத் தெரிந்தார். துண்டு முறை இருந்த காலத்தை அவர்கள் பார்த்ததில்லை.

1947இல் சோல்பரி அரசமைப்பின் கீழ் முதல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு 7 இடங்கள் கிடைத்தன. எஸ். தொண்டமான் நுவரெலியாவிலிருந்தும், கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்தும் போனார்கள். அந்தத் தேர்தலில் நடேசய்யரும் நின்றார். தோற்றார். 22 ஆண்டுகளுக்கு முன் வாக்கு இல்லாத மக்களுக்காகப் பேச உள்ளே போனவரை, வாக்குக் கிடைத்த அந்த மக்கள் வெளியே விட்டுவிட்டார்கள். அதில் அநியாயம் எதுவும் இல்லை. வாக்கு என்றால் அதுதான். ஆனால் அந்த வயதில் அந்தத் தோல்வி அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. சில வாரங்களே கழிந்திருந்தன. 1947 நவம்பர் 7 அன்று தம் 60ஆவது வயதில் காலமானார்.

அடுத்து நடந்ததை அவர் பார்க்கவில்லை. 1948 பிப்ரவரியில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமை இல்லாதவரின் வாக்கும் பறிக்கப்பட்டது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓர் இடம்கூட இல்லை. 7 பேர் இருந்த இடத்தில் பூஜ்யம்.

மலாயாவில் 1955இல் முதல் கூட்டரசுத் தேர்தல் வந்தபோது வாக்காளர் பட்டியலில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இங்கே அடுத்து வந்த ஆண்டுகளில் குடியுரிமைக் கதவு ஓரளவு திறந்தது. அங்கே பூட்டியே கிடந்தது.

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு தொண்டமானை நியமன உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்தது. தேர்தலில் போதிய இடம் கிடைக்காத பிரிவினருக்காக ஆறு பேர் வரை நியமிக்க அரசமைப்பு இடம் தந்திருந்தது. வாக்கில்லாத மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்று, நடேசய்யர் 1925இல் நின்ற அதே இடத்துக்கு மலையகம் 35 ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. மக்கள் வாக்கோடு தொண்டமான் மறுபடி நாடாளுமன்றம் போனது 1977இல். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

நடேசய்யரின் பத்திரிகைகள் பல தொலைந்துபோயின. மலையக எழுத்தாளர் சாரல் நாடன் கிடைத்த இதழ்களையும் நூல்களையும் தேடித் தொகுத்து ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற வாழ்க்கை வரலாற்றை எழுதினார். இன்றைக்கு அவரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தத் தேடலில் கிடைத்ததுதான்.